கடைசி ஐந்து நிமிடம்

படம் முடிந்து தியேட்டரில் விளக்கு போட்டுவிட்டார்கள். திரையில் பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, துடைப்பமும் கறுப்புக் குப்பைப் பையுமாக ஒரு பெண் உள்ளே வந்துவிடுகிறாள். அடுத்த காட்சிக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது. படம் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கதை. சற்றுமுன் கதாநாயகி முதலாளியைத் தலைகுனிய வைத்தபோது இந்த அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தட்டிய அதே கைகள்தான் வரிசைக்கு வரிசை பாப்கார்னை இறைத்திருக்கின்றன. சிவப்புக் கம்பளத்தில் யாரோ கொட்டிய குளிர்பானம் பிசுபிசுவென்று ஊறுகிறது. எனக்கு முன்வரிசைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "அந்தம்மா தனியா நின்னு பெருக்குற சீன்ல என்னால முடியலடி" என்று மனைவியிடம் சொல்கிறார். சொல்லிக்கொண்டே கண் துடைத்த காகிதத்தைக் காலடியில் போடுகிறார். அந்த இடத்திலேயே துடைப்பம் வந்து நிற்கிறது.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்."

அவர் காலைத் தூக்குகிறார், முகத்தைத் திருப்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தவன், என் நாற்காலிக்கடியில் கிடக்கும் காலி டப்பாவைப் பார்க்கிறேன். அது நான் போட்டது. அவள் என் வரிசைக்கு வந்துவிட்டாள்.

"நீங்க படம் பாத்தீங்களாம்மா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்கிறேன்.

அவள் நிமிராமலே என் டப்பாவை எடுத்துப் பைக்குள் வீசுகிறாள்.

"கதவுகிட்ட நின்னு கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும், தினம் நாலு தடவை. அவ ஜெயிச்சிடுறா சார். எதுக்காகச் சண்டை போட்டான்னுதான் தெரியல. காலைத் தூக்குங்க."