மூன்று விரல் ஓட்டை

"அந்த ஓட்டையை அடைக்காதேப்பா."

பள்ளம் அடைக்கும் பட்டிப் பசையும் தகடும் கையுமாக டேங்கின் சங்கிலிச் சக்கரத்தின் மேல் குந்தியிருந்த பெயின்டர் ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வளையாத முதுகு. செருப்பைப் பூங்கா வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார்.

"இன்னா பெருசு, கோயிலுக்கா வந்துகீறே? செருப்ப அங்கயே உட்டுட்டு வர்றே?"

பெரியவர் இன்னும் கிட்டே வந்தார். அவன் பாதி பட்டி பூசியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவடியை ஒட்டிய அந்தப் பூங்காவுக்கு அடையாளமே நடுவில் மேடை மீது நிற்கும் டேங்க்தான். எழுபத்தொன்றாம் வருடப் போரில் அடிபட்டது. பக்கவாட்டு இரும்பில், மேடையில் நிற்பவரின் நெஞ்சு உயரத்தில், மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எட்டு நாளில் அந்தப் போரின் வெற்றி விழா. அதிகாரிகள் வருவதால் பள்ளம், பொத்தல் எதுவும் தெரியக்கூடாது என்று கான்ட்ராக்டர் பாபு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேடையிலிருந்த விவரப் பலகைகூடப் புதிதாய் எழுதுவதற்காகச் சுரண்டப்பட்டு ஓரமாய்ச் சாய்ந்திருந்தது.

பெரியவர் தன்னை யாரென்று சொன்னார். பெயர் அமல்ராஜ். அண்ணனூரில் வீடு. டேங்க் ஃபேக்டரியில் முப்பத்து மூன்று வருட வேலை, ஓய்வு பெற்றாயிற்று.

ஏகாம்பரம் சிரித்தான். "ஃபேக்டரி ஆளா? அப்ப இது உங்க ஊட்டுப் பொருளு மாரி. இம்மாம் பெரிய வண்டில பொத்தல் கீதுன்னா உங்களுக்குத்தானே நைனா கேவலம்?"

"அது கேவலம் இல்லை. எங்க குடும்பத்து மரியாதையே அந்த ஓட்டைதான்."

குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. ஆனால் ஏகாம்பரத்தின் கை நின்றுவிட்டது.

அமல்ராஜின் அண்ணன் ஜேம்ஸ், ராணுவத்தில் இருந்தவர். இருபத்து நான்கு வயது. டிசம்பர் எட்டு, இதே நாள், அந்தப் போரில் மேற்கு எல்லையில் இறந்தார். உடல் வீடு வரவில்லை. வந்தது ஒரு தகரப் பெட்டியும், மேலதிகாரி எழுதிய ஒரு கடிதமும். அம்மா ஆக்னஸ் அந்தக் கடிதத்தை நெஞ்சோடு வைத்தே கண்ணை மூடினாள். அதில் ஒரு டேங்கின் எண் இருந்தது. பல வருடம் கழித்து இந்தப் பூங்காவுக்கு ஒரு டேங்க் வருகிறது என்று கேள்விப்பட்டு, கடிதத்தோடு வந்து பார்த்தார் அமல்ராஜ். அதே எண். அன்று முதல் ஒவ்வொரு டிசம்பர் எட்டும் வருகிறார். அந்த ஓட்டையில் மூன்று விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார்.

"கல்லறை இல்லை. அவர் போட்டோகூட வெள்ளத்துல போச்சு. அண்ணன்னு சொல்லி நான் தொடறதுக்கு உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

ஏகாம்பரத்துக்குக் காலையிலிருந்து அந்த டேங்கின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்தது நினைவுக்கு வந்தது. மெல்ல இறங்கினான். செருப்பைக் கழற்றித் தூரமாய் வைத்தான். காயாத பட்டியைத் தகட்டால் அல்ல, தன் விரலாலேயே வழித்தெடுத்தான்.

அதற்குள் பாபு போனில் வந்தார். ஓட்டை மூடியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றதும், அடைக்காவிட்டால் இனி எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டேன் என்று கத்தினார்.

"ஓட்டை அப்டியே இருக்கட்டும் மொதலாளி. வோணும்னா ஆள மாத்திக்கோ" என்று போனை அணைத்தான் ஏகாம்பரம்.

அமல்ராஜ் மேடையேறினார். மூன்று விரல்களை ஓட்டையில் வைத்துக் கண்ணை மூடினார். ஏகாம்பரமும் கைகூப்பி நின்றான். அவர் கண் திறந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணன் உள்ள எந்தப் பக்கம் உக்காந்துனு இருந்தாரு நைனா?"

"அண்ணன் உள்ள இல்லப்பா. வெளியே, இருநூறு கஜம் தள்ளி, ஜீப்பு மேல இருந்த பீரங்கியோட நின்னாரு. இது எதிரியோட டேங்க். அவர் கடைசியா சுட்ட குண்டு போட்ட ஓட்டை இது."

ஏகாம்பரம் அந்த ஓட்டையையே வாய் திறந்து பார்த்தான். பிறகு குனிந்து, தன் வெறுங்கால்களையும் அவருடைய வெறுங்கால்களையும் பார்த்தான்.

"அப்போ... செருப்ப இன்னாத்துக்கு கழட்டினீங்கோ?"

"உள்ள நாலு பேர் இருந்தாங்களே" என்றார் அமல்ராஜ்.