அகரவரிசையில் ஒரு போராட்டம்

"எங்க பாட்டா பேரு முதல்ல வரல்லேன்னா அந்த ஃபிளக்ஸை நானே கிழிச்சுப் போடுவேன். சொல்லிட்டேன்!"

விழாக் கமிட்டிக் கூட்டத்தில் ராஜையா மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"அப்பம் எங்க பாட்டா என்ன, அங்க வேடிக்கை பாக்கவா போனாரு?" என்று எதிர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் ஆறு பேர் எழுந்தார்கள்.

பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், எல்லைப் போராட்டத்தின் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு இன்னும் நாலே நாள்தான். ஐம்பத்து நாலில் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிய ஊர்க்காரர்களின் பெயர்களை ஃபிளக்ஸில் அடித்து ஜங்ஷனில் திறந்து வைக்க ஏற்பாடு. வீடு வீடாகப் போய்ப் பேரன்மாரிடம் கேட்டதில் நாற்பத்தேழு பெயர்கள் சேர்ந்திருந்தன. அதில் இன்று உயிரோடு இருப்பவர் பொன்னப்பன் ஒருவர்தான். தொண்ணூற்றொரு வயது. போராட்டத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் இப்பம் எதுக்கு மக்கா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். என்ன அடக்கம் என்று கமிட்டியே மெய்சிலிர்த்தது.

"எதுக்குச் சண்டை? அகரவரிசையில போட்டுருவோம்" என்றார் பெயின்ட் கடை சுந்தரதாஸ். "நான் கம்ப்யூட்டர்ல பைத்தான்னு புரோகிராம் எழுதுத பாஷை படிக்கேன்லா. ஒத்த வரி எழுதினா போதும், அடுக்கித் தந்துரும். கம்ப்யூட்டருக்குப் பாட்டாவும் கெடையாது, கட்சியும் கெடையாது."

"தப்பாச்சுன்னா?" என்று கேட்டார் ராஜையா.

"தப்பாச்சுன்னா பெறவு இந்த ஊர்ல நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஊருக்கு முன்னால் ஒரு தடவையாவது கெட்டிக்காரன் என்று பேரெடுக்க வேண்டும் என்பது சுந்தரதாஸின் நெடுநாள் ஆசை. போன வருஷம் சர்ச் மைக் செட்டைச் சரி பண்ணுகிறேன் என்று போய், ஈஸ்டர் அன்று போதகரை ஊமையாக்கிய பேர்தான் இதுவரை உண்டு. வீட்டில் மனைவி ஜெயபாய் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது?

விழா அன்று காலை, சேலையில் ஊக்குக் குத்திக்கொண்டே ஜெயபாய் கேட்டாள்.

"அந்தப் புரோகிராமைக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்."

சுந்தரதாஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டு காட்டினார். அவள் முகம் மாறியது.

"பட்டியல் சமம் பட்டியல் டாட் சார்ட்... இப்படியா எழுதினிய?"

"ஆமா. அது அடுக்கித் தந்ததை வாங்கி, அதே பேர்ல வெச்சேன்."

"அய்யோ ஆண்டவரே! சார்ட்னு அடுக்கச் சொன்னா அது ஒண்ணும் கையில தராது. லிஸ்டை இருக்குத இடத்துலயே அடுக்கிப் போட்டுட்டுச் சும்மா போயிரும். அது திருப்பித் தாறது 'நன்'. அப்படின்னா ஒண்ணுமில்ல. அந்த ஒண்ணுமில்லாததைக் கொண்டு லிஸ்டு பேர்ல வெச்சிட்டிய. நாப்பத்தேழு பேரும் போயாச்சு!"

"வேலையைச் செஞ்சுட்டு வாயைத் திறக்காமப் போனா மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

"அதோட வழக்கம் அதாக்கும். அனுப்புறதுக்கு முன்னால ஃபைலைத் திறந்து பாத்தியளா?"

பார்க்கவில்லை. கெட்டிக்காரர்கள் எங்கே திறந்து பார்க்கிறார்கள்? சுந்தரதாஸ் ஃபிளக்ஸ் கடைக்குப் போன் போட்டார். கடையில் டிசைன் செய்யும் ஸ்ரீகுமாரி எடுத்தாள்.

"அண்ணே, தலைப்புக்குக் கீழ ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைதான் இருந்துது. தமிழ் விழா, ஒரு எழுத்து கூட இங்கிலீஷ் வரப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய? அதான் நானே தமிழ்ல மாத்திப் போட்டேன்."

"உனக்கு ஒரு சந்தேகமும் வரல்லியா பிள்ளே?"

"வந்துது. பெரியவங்க காரியம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

ஸ்கூட்டர் ஜங்ஷனுக்குப் பறந்தது. பின்னால் ஜெயபாய் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள். அவர்கள் போய்ச் சேரவும் பொன்னப்பன் கயிற்றை இழுக்கவும் சரியாக இருந்தது.

திரை விலகியது.

'எல்லைப் போராட்டத்தில் பங்கெடுத்த நம் ஊர் வீரர்கள்' என்று மேலே தலைப்பு. கீழே ஆளுயர எழுத்தில் ஒரே ஒரு வரி.

'ஒருவரும் இல்லை.'

நாற்பத்தேழு குடும்பமும் ஒன்றாகக் கத்தியது. ராஜையா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எலே சுந்தரதாஸ்! எங்க பாட்டாவையே இல்லாம ஆக்கிட்டியேடா!"

சுந்தரதாஸ் ஜெயபாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. கடையைப் பூட்டிவிட்டுக் கோட்டுகால் ஊரிலிருக்கும் மச்சினன் வீட்டோடு போய்விடலாமா என்றுகூட யோசித்தார்.

பொன்னப்பன் மட்டும் நகரவில்லை. ஃபிளக்ஸை எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். கண் கலங்கிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"ஆரும் அவனை ஒண்ணும் சொல்லாதிய. எழுவது வருஷமா என் நெஞ்சுல கெடந்து அரிச்சதை இந்தப் பய எழுதிப் போட்டுட்டான். போராட்டத்துக்குப் போனதெல்லாம் பக்கத்து ஊர்க்காரனுவ மக்கா... போலீசு லாரி சத்தம் கேட்டதும் நாங்க நாப்பத்தேழு பேரும் மூணு நாளு மரச்சீனிக் கெழங்குத் தோட்டத்துக்குள்ள ஒளிஞ்சாக்கும் கிடந்தோம்!"