மறுபடியும் போச்சு!

பெட்டியோடு வந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டதுமே ரூட்டர் சமர்த்தாக வழிவிட்டது. கணக்கு வாத்தியாருக்குத் தன் மீதே கோபம் வந்தது.

போன மாதம்தான் அரை நாள் யோசித்து, யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பாஸ்வேர்டாக மாற்றி வைத்திருந்தார். அந்த 'யாராலும்' என்பதில் தானும் அடக்கம் என்று இன்றுதான் தெரிந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு நப்பாசையில் பழையதைப் போட்டுப் பார்த்திருந்தார்.

'மாத்திட்டு சேவ் பண்ண மறந்திருக்கேன். நானெல்லாம் ஒரு வாத்தியார்!' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் இன்று பின்வாங்க முடியாது. வெளியூரில் புதுக்குடித்தனம் நடத்தும் மகள், தன் சின்ன வயசு வீடியோக்களை இன்று மதியம் மாமியார் வீட்டாருக்குக் காட்டப்போகிறாள். எல்லாம் இவருடைய லேப்டாப்பில் இருக்கின்றன. வெளியிலிருந்து கேட்டு வருகிறவர்களை நேராக இந்த லேப்டாப்பிடம் அனுப்பு என்று ரூட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங்.

"முடியலேன்னா மாமாவைக் கூப்பிடுங்கப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். அதுதான் உறுத்தியது. சைக்கிள் பழகியதிலிருந்து வேலைக்கு மனுப் போட்டது வரை அவளுக்கு எல்லாமே மாமாதான். ஒரே ஒரு தடவை 'எங்கப்பா செஞ்சார்' என்று அவள் வாயால் கேட்டுவிட ஆசை.

காலையில் உட்காரும்போதே மனைவி எட்டிப்பார்த்திருந்தாள். "ஏங்க, இஸ்திரி போடணும். ஹால்ல ஒரு ப்ளக்குதான் வேலை செய்யுது..."

"என்ன வேணா பண்ணிக்கோ, என்னைத் தொந்தரவு பண்ணாதே" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டவர், இன்னும் வெளியே தலைகாட்டவில்லை.

போர்ட் எண்ணைப் போட்டு, திரையிலேயே ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். மேல் வீட்டிலிருந்து "ஐயோ, போச்சு!" என்று ஓர் அலறல் கேட்டது. மேட்ச் பார்க்கிறார் போலிருக்கிறது.

வீடியோ வரவில்லை. எண்ணில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருந்தார் கணக்கு வாத்தியார். வகுப்பில் யாராவது இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். திருத்திவிட்டு மறுபடியும் ரீஸ்டார்ட் செய்தார்.

"மறுபடியும் போச்சு!" என்றது மேல் வீடு. 'பாவம், மனுஷனோட டீம் ரொம்ப மோசம்' என்று வாத்தியார் இரக்கப்பட்டார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. "அப்பா! வீடியோ வருதுப்பா! எல்லாரும் உக்காந்து பாக்குறாங்க. மாமா வந்தாரா?"

"மாமாவா? நானேதாம்மா செஞ்சேன்!"

"நெஜமாவா? நீங்க கில்லாடிப்பா!" என்றவள், அந்தப் பக்கம் யாரிடமோ, "எங்கப்பாவே செஞ்சாராம்!" என்றாள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, வாசலில் மேல் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அதே கம்பெனி, அதே ரூட்டர் வைத்திருப்பவர். போன மாதம் இங்கே நெட் படுத்துக்கொண்டபோது தன் வைஃபையை வாத்தியாரின் லேப்டாப்பில் போட்டுக்கொடுத்து உதவிய புண்ணியவான்.

"சார், காலையிலேர்ந்து என் நெட் போறதும் வர்றதுமா இருக்கு. நிம்மதியா ஒரு மேட்ச் பாக்க முடியல. உங்களுக்கு எப்படி?"

"ஜம்முனு வருதே! நான் வீட்லயே சர்வர் வெச்சிருக்கேன்ல!" வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ரூட்டர் பாஸ்வேர்டை மாத்தினீங்களா சார்?"

"இல்லையே. பெட்டியோட வந்ததுதான்."

"அதான் சங்கதி! எவனோ ஒரு விவஸ்தை கெட்டவன் உள்ள பூந்து நோண்டிட்டிருக்கான். கையில கெடச்சா சும்மா விடாதீங்க!"

மனைவி கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இஸ்திரி முடிஞ்சுதுங்க. காலையில பிடுங்கின நம்ம ரூட்டரை இப்பவாவது மாட்டிடட்டுமா?"