பிரேக்குக்குப் போகாத செய்தி

மோதி நசுங்கிய தானியங்கிக் காரின் பிழைக் குறியீட்டை மெக்கானிக் புஷ்பலீலா மறுபடியும் படித்தாள். ‘நிறுத்து’ என்று கேமரா அனுப்பிய செய்தி பிரேக்குக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நொடியில் காருக்குள் இருந்த திரையில் ஓடிய ஒரு பிரியாணி விளம்பரம் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கார் கம்பெனி மேலாளர் போனில் சொன்னார்: “அதை அழிச்சிட்டு, எலி ஒயரைக் கடிச்சிருச்சுன்னு எழுதிடும்மா. விளம்பரத்துக்குத்தான் முதலிடம்னு வண்டிக்காரரே ஒத்துக்கிட்டு வாங்கினதுதானே.”

அவள் எதையும் அழிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, அந்த விபத்தில் மனைவியைப் பறிகொடுத்து வாசலில் நின்ற வண்டிக்காரர் அருமைநாயகத்தைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

அவர் திரையில் இருந்த விளம்பரத்தின் பெயரை விரலால் தொட்டார்.

“அந்த விளம்பரத்தைப் பாத்துத்தான் சிரிச்சா,” என்றார். “நானும் கூடச் சிரிச்சேன்மா.”

குறியீட்டைப் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்த பிறகு, புஷ்பலீலா வெளியே போய்க் காறித் துப்பினாள்.