மண் போகும் இடம்

இந்தக் காலத்தில் பெற்ற பிள்ளையை யார் மடியில் உட்கார வைக்கிறோம் என்றுகூட ஒருத்தரும் பார்ப்பதில்லை. செம்மண் அப்பிய ரப்பர் பூட்சோடு எவனோ ஒருத்தன் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் ஜெகதீஸ்வரியின் இரண்டு வயதுப் பையன் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான்.

கார்த்திகேசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பெனி அனுப்பிய ஆளாகத்தான் இருக்கும். முதலில் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுப்பான்கள். அப்புறம் வீட்டைக் கேட்பான்கள்.

அவர் தன் வீட்டை ஒட்டிய சந்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு அசையாமல் இருந்தார். சந்து அவருடைய நிலம். பின்பக்கம் சுங்கை பினாங் ஆற்றங்கரைக்கு மண் தோண்டும் இயந்திரம் போக வேறு வழி கிடையாது. அது தெருவில் உறுமிக்கொண்டு நின்றது, பின்னால் லாரிகளும் நின்றன.

வீடுகளுக்குப் பின்னால் முன்பு பழைய கார் பேட்டரிகளை உடைக்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரன் ஓடிப்போனான், ஈயம் மண்ணில் தங்கிவிட்டது. மழை பெய்தால் அது ஆற்றுக்குள் போனது, பிள்ளைகள் விளையாடினால் பிள்ளைகளுக்குள் போனது. ஜெகதீஸ்வரியின் பையனுக்கு இரத்தத்திலேயே ஏறிவிட்டது. இந்த மண் இங்கே இருக்கும்வரை மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாடகைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அவள்தான் அக்கம்பக்கத்தைக் கூட்டி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இந்த வேலையைக் கொண்டுவந்தாள். பணம் ஒரு கம்பெனியுடையது. இயந்திரமும் லாரியும் மாநில அரசு தருகிறது. தோண்டும் மண்ணைப் போட ஓர் இடம் தேடித் தருவது குடியிருப்பவர்களின் பங்கு. அந்த இடமும் கிடைத்துவிட்டது. நாற்காலி ஒன்றுதான் பாக்கி.

கம்பெனி அதிகாரி ஃபிக்ரி மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் போய் காரில் உட்கார்ந்துகொண்டான். இன்று வேலை தொடங்காவிட்டால் பணம் வேறு குடியிருப்புக்குப் போய்விடுமாம்.

"கேட்டீங்களா தாத்தா?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"காது நல்லாத்தான் கேக்குது. எவம்மா சும்மா பணம் குடுப்பான்? இன்னிக்கு மண்ணை அள்ளுவான், நாளைக்கு வீட்டை அள்ளுவான்."

"அள்ளிக்கிட்டுப் போக உங்க வீட்டுல என்னண்ணே இருக்கு? அந்தச் சுத்தாத ஃபேனா?" என்றாள் எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி. கூட்டம் சிரித்தது.

"சிரிங்க லா, நல்லா சிரிங்க. ஏம்மா, இந்த மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க? அதச் சொல்லு மொதல்ல."

"சுங்கை பாக்காப் பக்கம் தாத்தா. எண்ணெய்க்குச் செம்பனை போட்ட ஒரு துண்டு நெலம். குழி வெட்டி, தண்ணி எறங்காம கெட்டியா பிளாஸ்டிக் விரிச்சு, மேல சிமெண்டு போட்டு மூடிருவாங்க. அனுமதியெல்லாம் வாங்கியாச்சு."

"அப்புறம் அந்த நெலத்துல என்ன நடலாம்?"

"ஒண்ணும் நட முடியாது. குடியிருக்கவும் கூடாது."

"யாரு நெலம்?"

ஜெகதீஸ்வரி படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். பூட்ஸ்காரன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"பேரச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க தாத்தா."

கார்த்திகேசுவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவரும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான்.

"ஏன் சொல்லுவான்? வெளிய தெரிஞ்சா வெக்கக்கேடு. வயித்தக் கட்டி ஒரு துண்டு நெலம் வாங்கி வச்சிருப்பான் ஒரு தோட்டத்து ஆளு. அவங்கிட்ட இனிக்க இனிக்கப் பேசி வாங்கியிருப்பீங்க. இங்க உள்ள விஷத்த அங்க கொட்டுறதுக்குப் பேரு சுத்தம் பண்றதா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "ஏய் தம்பி, ஒன்னத்தான். இந்த மண்ணுல என்ன இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியுங்கய்யா."

"எவ்வளவு குடுத்து வாயடைச்சீங்க?"

"காசெல்லாம் ஒண்ணும் வாங்கலைங்கய்யா."

"பொய் பேசாத. எல்லாம் தெரிஞ்சும் சும்மா தூக்கிக் குடுக்க அவன் என்ன பைத்தியமா?"

பூட்ஸ்காரன் பையனின் வாயில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டான்.

ஜெகதீஸ்வரி நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தினாள்.

"தாத்தா, கம்பெனிய நம்ப வேணாம். கவர்மெண்ட்ட நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம். வழிய மட்டும் விடுங்க. எம்புள்ள இந்த மண்ணுலதான் நடக்கப் பழகுனான்."

கார்த்திகேசு தன் காலடி மண்ணைப் பார்த்தார். கறுப்பாக, ஈரமாக, எப்போதும் போலத்தான் இருந்தது. ஏதோ முனகியபடி எழுந்து, நாற்காலியை மடக்க முடியாமல் அப்படியே தூக்கிச் சுவரோரம் எறிந்தார். இயந்திரம் சந்துக்குள் நுழைந்தது.

அவர் நின்று பார்க்கவில்லை. தெருமுனையை நோக்கி நடந்தபடியே கையை வீசிக் கத்தினார்.

"வழிதான் விட்டேன், நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க! அந்த நெலத்துக்காரன் ஒண்ணு ஏமாந்தவன், இல்லன்னா காசு வாங்குனவன். ரெண்டுல ஒண்ணுதான்!"

இயந்திரச் சத்தத்துக்கு மேலாகப் பூட்ஸ்காரனின் குரல் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"ரெண்டும் இல்லைங்கய்யா. நான் இந்தப் பையனுக்குத் தாய்மாமன்."