ஒரே ஒரு கறுப்புக் கோலி

ஒரு கறுப்புக் கோலி விழுந்தால் போதும். அந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர சபையின் சட்டம் அப்படி. இங்கிலாந்தின் சந்தர்லாந்து துறைமுகத்து மதுக்கடை மாடியில், சபைத் தலைவர் கிடியன் ஃபேர்பிராஸ் மரப்பெட்டியைச் சுற்றுக்கு விட்டார்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. ஒன்று பெட்டிக்குள். மற்றது கைக்குள். யார் எதைப் போட்டார் என்று கேட்கக் கூடாது.

கீழே படிக்கட்டடியில், அம்மாவின் சால்வையைப் பிடித்தபடி டார்கஸ் காத்திருந்தாள். அப்பா ஜேபெஸ், கப்பல்களுக்கு வழிகாட்டியவன், குளிர்காலக் காய்ச்சலில் போய்விட்டான். சபையின் இலவசப் பள்ளி கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, உடுப்பு. இல்லையென்றால் ஏழைக் கொட்டடிதான். நகம் பிய்யப் பிய்யப் பழைய கயிறு பிரிக்க வேண்டும்.

"பனிமூட்டத்துல கப்பலை மணல்திட்டுல ஏத்தி நாலு உயிரைக் காவு கொடுத்தவன்யா அவன்! அவன் பொண்ணுக்குப் படிப்பு ஒண்ணுதான் கொறைச்சல்" என்றார் மதுபான வியாபாரி பைல்.



பெட்டி சுற்றி வந்தது. துணைத்தலைவர்கள் இருவரும் முதலில் பார்க்க வேண்டும். ஹார்ல் மூடியைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் வெள்ளை."

கிடியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்து, கிழவர் பென்ரோஸ். குனிந்தார். நிமிர்ந்தவர் பைலைப் பார்க்கவில்லை, கிடியனைப் பார்த்தார்.

"வெள்ளைதான்."

பெட்டி கிடியனிடம் வந்தது. தலைவர் சொன்னால்தான் முடிவு.

அத்தனை வெள்ளைக்கும் நட்ட நடுவில், ஒரு கறுப்பு.

"என்ன தலைவரே, பேச்சையே காணோம்?" பைல் கழுத்தை நீட்டினார்.

கீழேயிருந்து சின்னதாக ஓர் இருமல். குழந்தை இருமல். வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது மாடிவரை கேட்டது.

"சுத்த வெள்ளை" என்றார் கிடியன்.

மூடியை இடது கையால் சாத்தினார். வலது கை கோட்டுப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

மணல்திட்டில் செத்த அந்த நாலு பேரில் கடைசியாகப் பிணமாகக் கரையொதுங்கியவன் கிடியனின் மகன்.

பைக்குள், இறுக மூடிய விரல்களுக்குள், அவர் போடாத வெள்ளைக் கோலி வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.