தஸ்தகீர் பாய் போட்ட கணக்கு

எலக்ட்ரீஷியன் தஸ்தகீர் பாய்க்கு லாட்ஜ் முதலாளி தராமல் நிறுத்திய கூலி ஆறாயிரத்து நானூறு ரூபாய். 'உன் கணக்கு தப்பு, அதான் ஒயர் எரிஞ்சிபோச்சு' என்று நிறுத்தியது. பாய் செத்து நாலு மாசம். மறுபடியும் கருகிப்போன மெயின் போர்டை அவர் கூட்டாளி முருகவேல் கழற்றிக் கீழே வைக்கிறான். செங்கம் ரோட்டு வெயில் ஜன்னல் வழியாக வந்து, போர்டு மறைத்திருந்த சுவரில் விழுகிறது. அங்கே பாயின் பென்சில் எழுத்து. முருகவேல் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "ஒரு வெந்நீர் ஹீட்டர் எட்டே முக்கால் ஆம்பியர். கரண்ட் லைன் மூணு பேஸ். ஒரு பேஸுக்கு மூணு ஹீட்டர், இருபத்தாறு." ஒரு பேஸின் சிவப்பு ஒயரைத் தொட்டு எண்ணுகிறான். ஆறு ஹீட்டர். "மாடி ரூம் ஹீட்டர் மூணையும் இந்த ஒரே பேஸ்ல யாரு சார் சேத்தது? அம்பத்திரண்டு ஓடுது. எரியாம என்ன பண்ணும்?" முதலாளி கழுத்தைத் துடைக்கிறார். "பிளம்பர்தாம்பா. கார்த்திகை தீபத்துக்கு ஜனம் ஜாஸ்தி, அவசரம்." எங்கோ குழாய் சொட்டுகிறது. மாசாமாசம் போலக் கூலி கேட்டு வந்த பாயின் மனைவி அஜ்மத் பேகம் வாசலிலேயே நிற்கிறாள். முதலாளி மேஜை டிராயரைத் திறந்து நோட்டுகளை நீட்டுகிறார். "பாய் கணக்கு சரிதாம்மா. எண்ணிக்க." அவள் எண்ணவில்லை. சுவரருகே போகிறாள். "இதுல எதுப்பா அந்த இருபத்தாறு?" முருகவேல் காட்டுகிறான். கரி படிந்த அந்த எண்ணை ஒரு விரலால் தொட்டுவிட்டு, பணத்தை முந்தானையில் முடிகிறாள்.